ரேடியோவில் யார் குரல் வரவில்லை?

காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “எங்க அப்பாரு காலையில 7.15 மணிச் செய்தி கேக்காம காட்டுக்குக் கிளம்ப மாட்டாருங்க. ரேடியோவுல சொன்னாத்தான் அது நெசம்ங்கறாரு. எங்க அண்ணன், அது கவர்மென்ட் ஊதுகுழல், பிபிசி மாதிரி வருமாங்கறான். வீட்டுல தெனமும் இதே சண்டை. யாரு சொல்றது சரிங்க?”

அம்மணி, அப்பாரு நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் நான் அண்ணன் பக்கம்தான் நிற்பேன். அவர் பிபிசியைப் பற்றிச் சொல்வதை மட்டும் அப்படியே ஏற்க மாட்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு அரசு வானொலி நிலையத்தில் ஒப்பந்த அடிப்படையில் பல வருடம் உரை எழுதியவன் நான். பிறகு இதழியல் பாடம் எடுத்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் இதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அப்பாருவின் பக்கம். உங்கள் அப்பாரு வயதுக்காரர்களுக்கு வானொலி வெறும் செய்திப் பெட்டி கிடையாது. கோவை நிலையம் 1966-ல் வந்தது. அதற்கு முன் கொங்கு நாட்டில் பெரும்பாலும் கேட்டது திருச்சி நிலையத்தைத்தான். அந்தத் திருச்சி நிலையம் ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். விதைக்குப் பேர் வைக்கும் அளவுக்கு ஒரு குரலை நம்பிய தலைமுறை அது. அணையில் எத்தனை அடி தண்ணீர், வாய்க்காலில் எப்போது திறப்பு, மஞ்சள் என்ன விலை, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்றெல்லாம் வானொலி சொன்னதை நம்பித்தான் அவர்கள் வெள்ளாமை செய்தார்கள். அந்தத் தகவல்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. இன்றைக்கும் தனியார் சேனல் ‘பரபரப்பு’ என்று கத்திக்கொண்டிருக்கும்போது, வானொலி உறுதியாகாத ஒன்றைச் சொல்லாது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அவசரப்படாது. இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் சாய்வு என்றால் பொய் சொல்வது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் அப்பாரு ஏமாறுகிறார். அரசு வானொலியில் பொய்யைத் தேடினால் அதிகம் கிடைக்காது. எது முதல் வரியில் வருகிறது, வாக்கியத்தின் எழுவாய் யார், யாருடைய குரல் ஒலிக்கிறது, எது வரவே இல்லை என்று பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2018 டிசம்பரில் உயர் மின்கோபுரங்களை எதிர்த்து நம் மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கோபுரத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் கோபம் அது. அப்படி ஒரு நாளின் செய்தியை இரண்டு விதமாக எழுதலாம். ‘மின்வழித்தடப் பணிகளை விரைந்து முடிக்க மாவட்ட ஆட்சியர் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். விவசாயிகளுக்கு உரிய இழப்பீடு வழங்கப்படும் என்றும் அவர் தெரிவித்தார்’ என்பது ஒன்று. ‘தங்கள் தோட்டத்தில் கோபுரம் அமைக்கக் கூடாது என்று விவசாயிகள் உண்ணாவிரதம் இருக்கிறார்கள். இழப்பீடு தரப்படும் என்கிறார் ஆட்சியர்’ என்பது இன்னொன்று. இந்த இரண்டும் நான் இங்கே விளக்கத்துக்காக எழுதியவை. இரண்டிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முதலாவதில் விவசாயி இழப்பீடு வாங்கிக்கொள்பவர். இரண்டாவதில் அவர் ஒரு ஆள், அவருக்கு ஒரு கருத்து இருக்கிறது. அரசு ஊடகத்தில் வேலை பார்ப்பவர்களின் கை தன்னாலேயே முதலாவதைத்தான் எழுதும்.

ஏன் என்று கேட்டால், டெல்லியிலிருந்து ஃபோன் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் இருந்த காலத்தில் அப்படி ஒரு ஃபோனை நான் பார்த்ததே இல்லை. நடந்தது வேறு. ஒருமுறை வாய்க்கால் கடைமடைக்குப் போய் ஒரு பெரியவரின் பேச்சைப் பதிவு செய்து வந்தேன். “தண்ணி உட்டாச்சுன்னு ரேடியோவுல சொல்றீங்க. எங்க மடைக்கு இன்னும் வல்லீங்களே” என்றார். அழகான, தெளிவான பதிவு. என் மேலதிகாரி அதை இரண்டு முறை கேட்டார். நல்ல மனிதர், என்னை வேலைக்குப் பழக்கியவரே அவர்தான். பிறகு சொன்னார்: “தம்பி, பொதுப்பணித் துறைக்காரர் என்ன சொல்றார்னு வாங்கிட்டு வாங்க. ரெண்டையும் சேர்த்துப் போடலாம்.” அது நியாயம்தானே என்று நானும் போனேன். பொறியாளர் இரண்டு வாரம் நேரமே தரவில்லை. அப்புறம் சுற்று முடிந்து வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். அந்தப் பதிவு ஒலிபரப்பாகவே இல்லை. யாரும் தடை போடவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. ஆனால் அதிகாரி பேசிய பதிவுக்கு ‘விவசாயி என்ன சொல்கிறார் என்று வாங்கி வாருங்கள்’ என்று யாரும் என்னை ஒரு நாளும் அனுப்பியதில்லை. அந்தப் பெரியவருக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

இதைத் தனி ஆட்களின் கோழைத்தனம் என்று எழுதிவிட்டுப் போக மாட்டேன். வேலை நிரந்தரமா, மாற்றல் எங்கே, அடுத்த பதவி உயர்வு யார் கையில், சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சட்டத்தைப் பாருங்கள். 1964-ல் அமைத்த சந்தா குழுவே வானொலியை அமைச்சகத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கச் சொன்னது. அரசு கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் நெருக்கடி நிலை வந்தது. அந்த 1975 ஜூனில், சில நாட்களுக்குள்ளாகவே, தகவல் ஒலிபரப்பு அமைச்சர் குஜ்ராலை மாற்றிவிட்டு வி.சி. சுக்லாவை உட்கார வைத்தார் இந்திரா காந்தி. அதன்பின் வானொலி என்ன சொன்னது என்பது, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் முன்னால் பதிவாகியிருக்கிறது. ஜனதா அரசு போட்ட வர்கீஸ் குழு 1978-ல் ‘ஆகாஷ் பாரதி’ என்று ஒரு சுதந்திரமான அறக்கட்டளையைப் பரிந்துரைத்தது. அதுவும் நிறைவேறவில்லை. கடைசியில் 1990-ல் வி.பி. சிங் ஆட்சியில், வானொலியையும் தூர்தர்ஷனையும் பிரசார் பாரதி என்ற தனி நிறுவனத்தின் கீழ் கொண்டுவரும் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1997 ஆனது. ஏழு வருடம் ஒரு சட்டம் அலமாரியில் தூங்கியது. இடையில் இருந்த எந்த அரசுக்கும் அதை எழுப்ப மனம் வரவில்லை.

அந்தச் சட்டத்தின் பிரிவு 12 அருமையானது. தனக்கென ஒரு கருத்தையோ கொள்கையையோ முன்வைக்காமல், மாறுபட்ட பார்வைகளையும் சேர்த்து, நியாயமாகவும் சமநிலையோடும் தகவல் தர வேண்டும் என்று அது கடமை விதிக்கிறது. அண்ணனிடம் காட்டுங்கள், இந்த வரியில் குறை சொல்ல அவராலும் முடியாது. குறை இருப்பது மற்ற பக்கங்களில். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு உத்தரவிடலாம் என்று பிரிவு 23 சொல்கிறது. பணம் அரசு மானியமாக வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 22 பேர் கொண்ட குழு மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழு அமைக்கப்படவே இல்லை. தலைவர் பதவி 2020 பிப்ரவரியிலிருந்து 2024 மார்ச் வரை நான்கு ஆண்டுகள் காலியாகவே கிடந்தது. ஒரு பால் சொசைட்டியில் தலைவர் நாற்காலி நான்கு வருடம் காலியாக இருந்தால் நம் ஊரில் சும்மா விடுவோமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இது ஒரு கட்சியின் குற்றம் கிடையாது. காங்கிரஸ் காலத்தில் தூர்தர்ஷனை ‘ராஜீவ் தர்ஷன்’ என்று எதிர்க்கட்சிகள் கிண்டலடித்தன. 2014 ஏப்ரலில், அப்போது பிரதமர் வேட்பாளராக இருந்த நரேந்திர மோடியைத் தூர்தர்ஷன் பேட்டி கண்டது. ஒளிபரப்பில் சில பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. பிரசார் பாரதியின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்கார், அமைச்சகத்தின் பிடியிலிருந்து நிறுவனம் விடுபட முடியவில்லை என்று வருத்தப்பட்டு வாரியத்துக்கே கடிதம் எழுதினார். அன்று பாதிக்கப்பட்டது பாரதிய ஜனதா. அதே ஆண்டு அக்டோபர் 3-ம் தேதி, விஜயதசமி நாளில், ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத்தின் உரையைத் தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டியது. செய்தி மதிப்பு இருந்ததால் காட்டினோம் என்றார்கள். பிரதமரின் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சி வானொலியில் தொடங்கியதும் அதே நாள்தான். கதவின் பூட்டு அப்படியே இருந்தது. சாவி மட்டும் கை மாறியது.

அதன்பிறகு நடந்தவற்றில் என்னை உறுத்தியவை இரண்டு. 2017 ஆகஸ்டில் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையைத் திருத்தித் தந்தால்தான் ஒலிபரப்புவோம் என்றார்கள். அவர் ஒரு சொல்லைக்கூட மாற்ற மறுத்தார். உரை வரவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு முதல்வர், தன் மாநில மக்களிடம், சுதந்திர தினத்தில் பேச முடியவில்லை. இரண்டாவது, 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது நடந்தது. 1977 முதல் தேர்தல் நேரத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம் தருகிறார்கள். பெரிய கட்சி, சிறிய கட்சி என்று பார்க்காமல் ஓர் அடிப்படை நேரம், அதற்குமேல் முந்தைய தேர்தலில் வாங்கிய ஓட்டுக்கு ஏற்பக் கூடுதல் நேரம். மிக நல்ல ஏற்பாடு. கையில் காசில்லாத கட்சியும் கிராமத்து வீட்டுக்குள் போய்ப் பேச முடிகிறது. ஆனால் உரையை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அந்த மே மாதம் மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய பொதுச் செயலாளர் சீதாராம் யெச்சூரியின் உரையில் இருந்த ‘வகுப்புவாத எதேச்சதிகார ஆட்சி’, ‘கொடுங்கோல் சட்டங்கள்’ என்ற பொருள் தரும் சொற்களை நீக்கச் சொன்னார்கள். பார்வர்டு பிளாக்கின் ஜி. தேவராஜனிடம் ‘முஸ்லிம்கள்’ என்ற சொல்லையே எடுக்கச் சொன்னார்கள். தேர்தல் ஆணைய விதிகளின்படிதான் செய்தோம் என்பது பிரசார் பாரதியின் விளக்கம். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் ஆட்சியை எதேச்சதிகாரம் என்று சொல்வது எதிர்க்கட்சியின் அடிப்படை வேலை. அதைச் சொல்லக் கூடாது என்றால் அந்த இலவச நேரம் எதற்கு?

டிடி நியூஸ் சின்னத்தின் நிறம் 2024 ஏப்ரலில் காவியானதைப் பற்றி நிறையப் பேசினார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. 2020-ல் பி.டி.ஐ., யு.என்.ஐ. என்ற இரண்டு பழைய செய்தி முகமைகளின் சந்தாவை நிறுத்திவிட்டு, 2023-ல் ஆர்.எஸ்.எஸ். சார்புடைய இந்துஸ்தான் சமாச்சாருடன் ஒப்பந்தம் போட்டார்களே, அதுதான் பெரிய விஷயம். பாலில் தண்ணீர் கலக்கிறார்களா என்று கறக்கிற இடத்தில் பார்க்க வேண்டும். கேனின் பெயின்ட்டைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

சரி, பிபிசிக்கு வருவோம். நம் ஊரிலும் இரவானால் சிற்றலையில் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசை கேட்டவர்கள் உண்டு. இலங்கைச் செய்திக்கு அதைவிட்டால் வேறு கதி இல்லாத காலம் இருந்தது. 2017 ஏப்ரல் கடைசியில் அந்த ஒலிபரப்பை நிறுத்தினார்கள். தமிழோசையை நடத்திய பிபிசி உலகச் சேவைக்கு 2014 வரை பணம் கொடுத்தது பிரிட்டனின் வெளியுறவுத் துறை. இதை அண்ணன் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1926-ல் அங்கே பொது வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் கட்சித் தலைவர் மெக்டொனால்டுக்குப் பேச வாய்ப்பு தரவில்லை பிபிசி. ஆக அதுவும் புனிதமான பசு இல்லை.

வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, காசு. டி.வி. பார்க்கும் ஒவ்வொரு வீடும் உரிமக் கட்டணம் கட்டுகிறது. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்வது அரசுதான் என்பதால் அங்கேயும் ஒரு பிடி இருக்கிறது. ஆனாலும் ‘என் காசு’ என்று ஒவ்வொரு குடும்பமும் சண்டைக்கு வரும். இன்னொன்று, தவறு நடந்தால் அது வெளியே வரும். ஈராக் போர்ச் செய்தி விவகாரத்தில் 2004-ல் ஹட்டன் என்ற நீதிபதியின் விசாரணை அறிக்கை வந்ததும் பிபிசியின் தலைவரும் தலைமை இயக்குநரும் பதவி விலகினார்கள். அரசோடு மோதியதில் போன பதவிகள் அவை. 2023-ல் தலைவர் ரிச்சர்ட் ஷார்ப், போரிஸ் ஜான்சன் பிரதமராக இருந்தபோது அவருக்குக் கடன் கிடைத்த விஷயத்தில் தன் பங்கை முறையாகச் சொல்லாததால் போனார். 2025 நவம்பரில் டிரம்ப் உரையை வெட்டி ஒட்டிய விவகாரத்தில் தலைமை இயக்குநர் டிம் டேவி போனார். அரசியலின் எல்லாத் திசையிலிருந்தும் அடி வாங்கியிருக்கிறார்கள். நம் ஊரில் மாணிக் சர்க்கார் உரைக்காகவோ வெட்டப்பட்ட பேட்டிக்காகவோ ஒரு தலைவர் பதவி விலகிய கதை உண்டா? தவறுக்குப் பொறுப்பேற்கும் பழக்கத்தில்தான் பிபிசி நம்மைவிட மேல்.

அமைப்பு என்று பார்த்தால் எனக்கு ஜெர்மனிதான் பிடிக்கும். அங்கே இசட்.டி.எஃப். என்ற பொதுத் தொலைக்காட்சியின் மேற்பார்வைக் குழுக்களில் அரசியல்வாதிகள் அதிகம் உட்கார்ந்திருந்தார்கள். அரசுத் தரப்பு ஆட்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்று 2014 மார்ச்சில் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது. ‘நல்லவர்களை நியமியுங்கள்’ என்று கெஞ்சாமல் நாற்காலியை எண்ணிய தீர்ப்பு அது. நம் உச்ச நீதிமன்றமும் 1995-ல், அலைவரிசை மக்களின் சொத்து, அரசின் தனிச்சொத்து கிடையாது என்று தீர்ப்பளித்தது. தனியார் சேனல்களுக்கு அந்தத் தீர்ப்பு உதவிய அளவுக்கு வானொலிக்கு உதவவில்லை.

“அப்போ தனியார் சேனல் பார்த்துக்கலாமே” என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் அது அவ்வளவு சுலபமா? சன், ஜெயா, கலைஞர், மக்கள், நியூஸ் ஜெ என்று கட்சிக்கொரு சேனல் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நேரடியாகக் கட்சி சேனலாக இல்லாதவையும் மாநில அரசின் கேபிளை நம்பி இருக்கின்றன. 2018 ஜூனில் கோவையில் ஒரு கல்லூரி வளாகத்தில் புதிய தலைமுறை நடத்திய வட்டமேசை விவாதத்தில் ரகளையானது. போலீஸ் வழக்கு போட்டது சேனல் மீதே. பிறகு அரசு கேபிளில் அந்தச் சேனலின் வரிசை எண் கடைக்கோடிக்குத் தள்ளப்பட்டது, பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. டெல்லிக்கு ஒரு பிடி என்றால் கோட்டைக்கும் ஒரு பிடி. வானொலியிலோ நிலைமை இன்னும் மோசம். திருப்பூர் பனியன் கம்பெனியில் காலை எட்டு மணிக்கு எஃப்.எம். போட்டால் இரவு ஷிஃப்ட் வரை பாட்டு ஓடும். ஆனால் இந்தியாவில் தனியார் எஃப்.எம்.மும் சமூக வானொலியும் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை 2019 முதல் தனியார் எஃப்.எம். அப்படியே எடுத்துப் போடலாம். இவ்வளவு பெரிய நாட்டில் வானொலிச் செய்திக்கு ஒரே ஒரு வாய். அந்த வாய் யார் கையில் என்பது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

பொது ஒலிபரப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால். ஏறக்குறைய 200 கிலோமீட்டர், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். அதற்குக் கான்கிரீட் போடும் சீரமைப்புத் திட்டம் சுமார் 710 கோடி ரூபாய்க்கு வந்தபோது விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கசிவுநீர் நின்றால் கிணறும் குளமும் வற்றும், மரங்கள் போகும் என்றது ஒரு தரப்பு. கசிவை நிறுத்தினால்தான் எங்களுக்குத் தண்ணீர் வரும் என்றது கடைமடைத் தரப்பு. அரசு ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம் என்று சுலபமாகப் பிரிக்க முடியாத விஷயம் இது. தலைமடை விவசாயி பத்து நிமிடம், கடைமடை விவசாயி பத்து நிமிடம், பொறியாளர் பத்து நிமிடம், நீரியல் தெரிந்த பேராசிரியர் ஒருவர், குறுக்குக் கேள்வி கேட்க ஒரு அறிவிப்பாளர் என்று ஒரு வாரம் நடத்தினால் ஈரோடு மாவட்டமே உட்கார்ந்து கேட்கும். இதை விளம்பரத்தை நம்பி ஓடும் எந்த நிலையமும் செய்யாது. ஒலிவாங்கியும் நிலையக் கட்டிடமும் இருக்கின்றன, தமிழ் தெரிந்த, ஊர் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். துணிந்து செய்யலாம் என்ற பாதுகாப்பு மட்டும் அவர்களுக்கு இல்லை.

சமநிலை என்பதைத் தராசு மாதிரி எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியதா என்ற கேள்விக்கு இரண்டு தரப்புக் கருத்து தேவையில்லை. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால் தெரியும். அங்கே ‘சிலர் இப்படிச் சொல்கிறார்கள், சிலர் அப்படிச் சொல்கிறார்கள்’ என்று சொல்வதும் ஒரு சாய்வுதான். சாயப்பட்டறை வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும்போதுதான் பல குரல்கள் வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுச் சண்டை. அண்ணன் ரேடியோவை மூடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 2025-ல் பொது ஒலிபரப்புக்கான மத்திய நிதி 110 கோடி டாலரை ரத்து செய்தபோது முதலில் அல்லாடியது சின்ன ஊர் நிலையங்கள்தான். கோவை நிலையம் மூடினால் டெல்லிக்கு ஒன்றும் ஆகாது. மஞ்சள் விலையும் மழைச் செய்தியும் கேட்டு வாழ்ந்தவர்களுக்குத்தான் ஆகும்.

அப்பாருவோடு சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் 7.15 செய்தி முடிந்ததும் நான்கு விஷயம் எழுதுங்கள். முதல் செய்தி யாரைப் பற்றியது? எதிர்க்கட்சியின் பேச்சு வந்ததா, வந்தால் அவர்கள் சொன்னதாக வந்ததா, அமைச்சர் கொடுத்த பதிலாக மட்டும் வந்ததா? பதவியில் இல்லாத ஒருவர் எங்கேயாவது எழுவாயாக வந்தாரா? நேற்று நம் பக்கம் நடந்த எது வரவில்லை? அப்பாருவுக்குப் பக்கத்து ஊர் விவரம் எல்லாம் தெரியும் என்பதால் கடைசிக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதம் எழுதுங்கள். பத்து நாளில் அவரே பென்சிலைக் கையில் வாங்கிக்கொள்வார். முடிந்ததும் ஒரு பிரதியை நிலைய இயக்குநருக்கும், இன்னொரு பிரதியை உங்கள் தொகுதி எம்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் அந்த 22 பேர் குழு ஏன் அமையவில்லை என்று ஒரு வரி சேருங்கள். கடிதம் எழுதத் தடுமாறினால் நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.